ஒரு நாள் லீவுக்காக ஒரு சாவு

தான் செத்துப்போனதை வெள்ளிக்கிழமை எட்டரை மணி சீரியலில் பார்த்துக்கொண்டே பங்காரம்மா இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள். அவ்வளவு சந்தோஷம். திரையில் அவளுடைய படத்துக்குச் சந்தன மாலை போட்டு, கீழே விளக்கேற்றி, மேலே சின்ன சிவப்பு பல்பு ஒன்றை மினுக்கவிட்டிருந்தார்கள். நான்கு வருஷமாக அவளிடம் வசவு வாங்கிய மருமகள் அந்தப் படத்தின் முன்னால் புரண்டு புரண்டு அழுதாள்.

"படம் நல்லா இருக்குது," என்றார் வீட்டுக்காரர் வெங்கடபதி. பெரியநாயக்கன்பாளையத்தில் பம்புசெட் உதிரி பாகங்களுக்குப் பட்டறை வைத்திருப்பவர். மனைவியைப் பாராட்டி அவர் வாயிலிருந்து ஏதாவது வருவது தீபாவளி மாதிரி, வருஷத்துக்கு ஒருமுறை. பங்காரம்மா அதையும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

அந்தப் படம் அவளே அனுப்பியது. ஜிகினா கோட்டுப் போட்டு மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற படம். சீரியல்காரர்கள் கோட்டையும் மைக்கையும் வெட்டிப் போட்டுவிட்டு முகத்தை மட்டும் சட்டத்துக்குள் வைத்துவிட்டார்கள். செத்துப்போன மாமியார் எதற்கு இவ்வளவு குஷியாகச் சிரிக்கிறாள் என்று யாராவது கேட்டிருக்கலாம். சீரியல் பார்க்கிறவர்கள் அப்படியெல்லாம் குறுக்குக் கேள்வி கேட்கிற வழக்கமில்லை.

பங்காரம்மா யார் என்று சொல்லாமல் மேலே போனால் அவளுக்குக் கோபம் வரும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறில் 'பாப் பங்காரு' என்ற பெயரில் ஒரு கேசட் வந்தது. அதில் எட்டுப் பாட்டு. ஏழு பாட்டு அவள் வீட்டுக்காரருக்கே ஞாபகமில்லை. எட்டாவது, 'கலர் சோடா கண்ணாளா'. அந்த வருஷம் கோயமுத்தூரிலிருந்து ஈரோடு வரை அந்தப் பாட்டு ஓடாத டவுன் பஸ் கிடையாது, அதற்கு ஆடாத கல்லூரி கிடையாது.

அதோடு அவள் நின்றுவிடவில்லை. நின்றுவிட்டதாக ஜனங்கள் நினைத்துக்கொள்கிறார்கள், அதுதான் அவளுக்கு எரிச்சல். "இன்னும் பாடறீங்களா?" என்று கேட்பார்கள். பல் டாக்டரைப் பார்த்து "இன்னும் பல் புடுங்கறீங்களா?" என்று யாராவது கேட்கிறார்களா? அறுபத்துமூன்று வயதில் மாதம் நான்கு மேடை ஏறுகிறாள். இரண்டு சினிமாவில் ஹாஸ்டல் வார்டன், ஒன்றில் நீதிபதி. ரேடியோவில் வருகிற மாட்டுத்தீவன விளம்பரத்தில் பசுமாட்டுக்காகப் பாடுவது அவள்தான். இதற்கெல்லாம் மேலே, வாரத்தில் ஆறு நாள் வருகிற சீரியலில் மாமியார் அலமேலு.

ஆனால் ஒரு குறை இருந்தது, சின்னக் குறை இல்லை. எண்பத்தாறுக்குப் பிறகு அவள் நான்கு புதுப் பாட்டுக் கட்டினாள். அதில் ஒன்றைக்கூட எந்த மேடையிலும் முழுசாகப் பாட விடவில்லை. இரண்டாவது வரி வருவதற்குள் கூட்டத்தில் ஒருவன் "சோடா! சோடா!" என்று கத்துவான். உடனே கீபோர்டு வாசிக்கிற கிருபாசங்கரின் விரல்கள் தாமாகவே சோடாவுக்குத் தாவிவிடும். முப்பத்தைந்து வருஷமாக அவளோடு வாசிக்கிறவன். அவன் விரலையும் குற்றம் சொல்ல முடியாது.

ஐந்தாவது பாட்டு பொள்ளாச்சிப் பக்கம் சீரியல் படப்பிடிப்பில் பிறந்தது. பட்டுப்புடவையும் பத்துப் பவுன் கவரிங்கும் போட்டு மாமரத்தடியில் மணிக்கணக்காக உட்காரவைத்துவிட்டு, "அம்மா, அடுத்த ஷாட் உங்களுதுதான்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த அடுத்த ஷாட் வருவதற்குள் அவள் ஒரு பாட்டை எழுதி, மெட்டுப் போட்டு, திருத்தியும் முடித்தாள். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டைப் பிடித்துக்கொண்டு, இறங்க மனசில்லாமல் உட்கார்ந்திருக்கிற ஒரு பொம்பளையின் பாட்டு. இதை ஒரு தடவையாவது, ஒரே ஒரு மேடையிலாவது, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பாடிவிடவேண்டும் என்று அவளுக்கு வெறியே பிடித்திருந்தது.

அந்த நேரத்தில்தான் சூலூரிலிருந்து திருமூர்த்தி வந்தார். விசைத்தறி முதலாளி. மகள் லோகப்பிரியாவின் கல்யாண வரவேற்புக்குப் பாட வேண்டும் என்று தாம்பாளத்தில் வெற்றிலை பாக்குப் பழத்தோடு நேரிலேயே வந்து நின்றார்.

"பாலிடெக்னிக் படிக்கறப்ப உங்க சோடாப் பாட்டுக்கு ஆடித்தானுங்க மேடம் என்ற காலு சுளுக்கிப்போச்சு. இன்னிக்கும் மழைக்கு வலிக்குமுங்க," என்றார் பெருமையோடு.

பங்காரம்மா நிபந்தனை போட்டாள். "சோடாவை எத்தனை தடவை வேணாலும் பாடறேன். கடைசியா என்னோட புதுப் பாட்டு ஒண்ணு. யாரும் நடுவுல சத்தம் போடக்கூடாது."

"அதுக்கென்னங்க மேடம்! சத்தம் போடறவன் வாய்ல பணியாரத்தை வெச்சு அடைச்சுப்போடறேனுங்க."

வேறு யாரும் இப்படி உறுதி சொன்னதில்லை. ஆனால் வரவேற்பு நடக்கிற ஞாயிற்றுக்கிழமைதான் சீரியலிலும் அலமேலுவின் சின்ன மகனுக்குக் கல்யாணம் எடுக்க நாள் குறித்திருந்தார்கள். டைரக்டர் கதிரிடம் போய் ஒரு நாள் லீவு கேட்டாள்.

"அம்மா, மாப்பிள்ளையோட அம்மா நீங்க. நீங்க இல்லாம எப்படிக் கல்யாணம் எடுக்கறது? லீவெல்லாம் வாய்ப்பே இல்லம்மா. வேணும்னா சாகடிச்சிடலாம்," என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

"சாகடிச்சிடுங்க," என்றாள் பங்காரம்மா.

அவர் சிரிப்பு நின்றது. நான்கு வருஷம், நல்ல பெயர், மார்க்கெட்டில் காய்காரம்மாகூட அலமேலம்மா என்று கும்பிடுகிற அளவுக்குப் புகழ், எல்லாவற்றையும் ஒரு பாட்டுக்காக அவள் விட்டுவிட்டாள். பைத்தியக்காரத்தனம்தான். அவளுக்கும் தெரியும். ஆனால் அன்று மதியம் மாமரத்தடியில் அவள் தூங்கின மாதிரி நிம்மதியாக அவள் எங்கேயும் தூங்கியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிருபாசங்கரின் வேனில் சூலூர் மண்டபத்துக்குப் போய் இறங்கினார்கள். கல்யாண வாசலில் இரண்டு வாழைமரம் கட்டுவார்கள். இங்கே மூன்று கட்டியிருந்தது. மூன்றாவது, வாசலுக்குப் பத்தடி தள்ளி, வரவேற்பு ஃப்ளெக்ஸுக்கு நேர் எதிரே குலையும் பூவுமாக நின்றது.

கிருபாசங்கர் சுற்றிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "அக்கா, அந்த மரத்துக்குப் பின்னாடி நீங்கதான் இருக்கீங்க."

ஃப்ளெக்ஸில் ஒரு பக்கம் மணமக்கள் சிரித்தார்கள். மறுபக்கம் 'பாப் பங்காரு இன்னிசை' என்று எழுதி, கீழே அவளுடைய படம். அந்த ஜிகினா கோட்டுப் படமேதான். மரம் முகத்தைச் சரியாக மறைத்து நின்றதால் வாழைப்பூவுக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்த கை மட்டும் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது.

வாசலுக்கு ஓடிவந்த திருமூர்த்தி கும்பிட்ட கையை இறக்கவேயில்லை. "வாங்க மேடம், வாங்க, வாங்க. காத்து அடிச்சுதுங்க. ஃப்ளெக்ஸ் ஆடுச்சு. அதானுங்க ஒரு புடிமானத்துக்கு..."

"ஃப்ளெக்ஸுக்கு வாழைமரம் புடிமானமுங்களா?"

"ஆமாங்க மேடம்," என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "ஒரு வாய் காப்பி சாப்புடுங்க."

ஏசி அறை ஒன்றில் உட்காரவைத்தார்கள். காப்பி வந்தது. காப்பியோடு நெய் மினுங்க ஒப்புட்டு வந்தது, இந்த ஊர்ப் போளி. ஆறு மணிக்கு மேளம் கேட்டது. "மேடைக்குப் போலாமுங்களா?" என்று கேட்டாள். "போலாமுங்க, போலாமுங்க, சித்தெ இருங்க," என்று சொல்லிவிட்டுப் போன பெண், இடியாப்பம் மாதிரியான சந்தகையும் தேங்காய்ப்பாலும் கொண்டுவந்து வைத்தாள். ஆறரைக்கு வெளியே ஸ்பீக்கரில் ரெக்கார்டு பாட்டுப் போட்டார்கள். பங்காரம்மா எழுந்து கதவைத் திறந்தாள். அங்கே நின்றிருந்த இரண்டு பேர் பதறிப்போய், "ஏனுங்க, ஏதாச்சும் வேணுமுங்களா?" என்று கேட்டு, இளநீர்ப் பாயசத்தை வரவழைத்தார்கள். ஏழு மணிக்கு இன்னொரு தட்டு ஒப்புட்டு.

இந்த ஊர்க்காரர்களுக்கு 'வேண்டாம்' என்ற சொல் வாயில் வராது. அதற்குப் பதிலாகச் சாப்பாடு வரும். வெளியூர்க்காரர்கள் அதை உபசாரம் என்று நினைத்து ஏப்பம் விட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சேருவார்கள். பங்காரம்மா இந்த மண்ணில் பிறந்தவள். இரண்டாவது தட்டு ஒப்புட்டு வந்தபோதே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"அக்கா," என்றான் கிருபாசங்கர் மெதுவாக. "நம்மளை வேண்டாம்ங்கறாங்க. கீபோர்டுக்காரன் நான், எனக்கே மூணு ஐஸ்கிரீம் வந்துருச்சு."

திருமூர்த்தியைக் கூப்பிட்டுவிட்டாள். அவர் வந்து, துண்டால் கழுத்தைத் துடைத்து, ஏசியைப் பார்த்து, "கூலிங் பத்தலீங்களா மேடம்?" என்றார்.

"ஏனுங்க திருமூர்த்தி, என்ன நடக்குது? உள்ளதைச் சொல்லுங்க."

 ஊரில் எந்தத் தம்பியும் இக்கட்டில் செய்வதையே அவரும் செய்தார். "அக்கா வந்து சொல்லுமுங்க," என்று சொல்லிவிட்டு ஓடிப்போனார்.

வந்தது அவருடைய அக்கா பாப்பாயி. எழுபதை நெருங்கிய, கெட்டியான உடம்பு. அந்த வீட்டில் சீர்வரிசையிலிருந்து சாம்பாருக்கு உப்பு வரை அவள் வாய்ச்சொல்தான். கதவருகிலேயே நின்றாள். பங்காரம்மாவின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள், உடனே கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது.

"நல்லா இருக்கீங்களா அலமேலம்மா?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்கறனுங்க. நீங்க எதுக்குங்கக்கா அழுகறீங்க?"

"எப்படிச் சொல்லறதுங்க. வெள்ளிக்கிழமை உங்க படத்துக்கு மாலை போட்டாங்கல்லங்க. நாலு வருசமா தினமும் எட்டரைக்கு என்ற ஊட்டுக்கு வந்த மனுசி நீங்க. என்ற கூடப்பொறந்தவகூட அப்படி வந்ததில்லீங்க. மனசு கேக்காம அப்பவே தலைக்குத் தண்ணி ஊத்திப்போட்டேன். மூணு நாளா நெய்யி, இனிப்பு ஒண்ணும் தொடலீங்க. கல்யாண ஊட்டுல ஒறம்பரை சனமெல்லாம் என்ன ஏதுன்னு கேக்கறாங்க, சக்கரைன்னு சொல்லிச் சமாளிச்சேன்."

பங்காரம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவள் பெற்ற மகனே பெங்களூரிலிருந்து போன் செய்து, "ஏம்மா சாகறப்ப லிப்ஸ்டிக் போட்டிருந்தே?" என்றுதான் கேட்டிருந்தான்.

"அதெல்லாம் நடிப்புங்கக்கா. நான் உசுரோடதான் உங்க முன்னாடி நிக்கறேன்."

"அது எனக்குத் தெரியாதுங்களா? நான் என்ன பைத்தியமுங்களா?" பாப்பாயி மூக்கைச் சிந்தினாள். "ஆனாலும் வெளக்கு ஏத்தியாச்சு. மாலை போட்ட அதே படம் வாசல்ல நிக்குது. நான் தலைக்கு ஊத்திக்கிட்ட ஒரு ஆளை, என்ற கையாலயே கூட்டிட்டுப்போய்ப் புள்ளை மாப்பளைக்குப் பக்கத்துல நிறுத்தோணும்னா எப்படிங்க? அந்தப் புள்ளை நல்லா வாழோணுமுங்க அம்மணி. உங்களை வேண்டாம்னு சொல்லவும் வாய் வரலீங்க. அதான் சாப்பாடு குடுத்துட்டே இருக்கச் சொன்னேன்."

 கெட்ட மனசுக்காரி என்றால் சண்டை போடலாம். அழுதுகொண்டு நிற்கிறவளிடம் என்ன செய்வது? ஐந்தாவது பாட்டும் போயிற்று என்று பங்காரம்மாவுக்குப் பட்டது. சீரியலும் போயிற்று, பாட்டும் போயிற்று. அழுகை முட்டியது. மேக்கப் போட்டிருந்ததால் விழுங்கிக்கொண்டாள்.

கிருபாசங்கர் போனை எடுத்து நீட்டினான். "டைரக்டர்கிட்டப் பேசிப் பாருங்கக்கா. கொன்னவருக்கு உசுரு குடுக்கத் தெரியாதா?"

கதிர் போனை எடுத்ததும் பங்காரம்மா ஸ்பீக்கரில் போட்டாள். பின்னணியில் சீரியல் கல்யாண மேளம் கேட்டது.

"அம்மா! நானே கூப்பிடணும்னு இருந்தேன்," என்றார் அவர். "நீங்க செத்ததுல இருந்து ஜனங்க திட்டித் தீர்க்கறாங்கம்மா. சேனல்ல கூப்பிட்டு அலமேலுவைத் திருப்பிக் கொண்டுவாங்கறாங்க. நாம பிணத்தைக் காட்டவே இல்லையே, படத்தைத்தானே காட்டினோம்? ஆஸ்பத்திரியில ஆள் மாறிப்போச்சுன்னு வெச்சுக்கலாம். நாளைக்குக் காலையில ஆறு மணிக்குப் பொள்ளாச்சி வந்துடுங்க. இன்னும் முந்நூறு எபிசோட். ஒரே விஷயம், லீவு மட்டும் கேட்கக்கூடாது."

பாப்பாயியின் முகம் விளக்குப் போட்டது போல் ஆயிற்று. "பொணத்தைக் காட்டலீங்களா? அப்ப நீங்க சாகலை! வாரேன்னு சொல்லுங்க அம்மணி. இந்தச் சேதி ஒண்ணு போதும், நானே உங்களை மேடைக்குக் கூட்டிட்டுப் போறேன்."

பங்காரம்மா போனைப் பார்த்தாள். 'வாரேன்' என்று ஒரு சொல். சொன்னால் இன்றைக்கு மேடை கிடைக்கும், நாளையிலிருந்து காய்காரம்மா மறுபடியும் கும்பிடுவாள். ஆனால் முந்நூறு எபிசோட், லீவில்லாமல். ஆறாவது பாட்டு ஏழாவது பாட்டு எல்லாம் அந்த மாமரத்தடியிலேயே இருக்கவேண்டியதுதான். பொய்யாக ஒரு சரி சொல்லிவிட்டுப் பாடிவிடலாமா என்றும் நினைத்தாள். எதிரே பாப்பாயி ஈரக் கண்ணோடு சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை வைத்துக்கொண்டு பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

"தம்பி, செத்தவ செத்தவளாவே இருக்கட்டும்," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

பாப்பாயி விக்கித்துப்போனாள். "ஏனுங்க! எங்களையெல்லாம் மறுக்காப் பாக்கோணும்னு உங்களுக்குத் தோணலீங்களா?"

"உக்காருங்கக்கா," என்றாள் பங்காரம்மா. "உங்ககிட்ட உள்ளதைச் சொல்லிப்போடறேன். அலமேலு தானாச் சாகலை. நான்தான் சாகடிக்கச் சொன்னேன்."

"என்னங்க?"

"இன்னிக்கு இங்க வந்து பாடறதுக்கு லீவு கேட்டேன். குடுக்கலை. அதான் கொன்னுபோடச் சொன்னேன். முப்பத்தொன்பது வருசமா ஒரே பாட்டைப் பாடிட்டு இருக்கறனுங்க. புதுசா ஒண்ணு கட்டி வெச்சிருக்கறேன். அதை ஒருக்கா முழுசாப் பாடோணும்னு ஆசை. அதுக்காகத்தான் செத்தேன்."

 பாப்பாயியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது.

"லீவுக்கா?" என்றாள். "ஒரு நாள் லீவுக்காங்க செத்தீங்க? நான் மூணு நாளா வெறும் ரசஞ்சோறு தின்னுட்டுக் கெடக்கறேன்! அறுவது வருசத்துல நான் ஒப்புட்டுத் தின்னாத கல்யாணம் இது ஒண்ணுதானுங்க! சொந்தத் தம்பி மக கல்யாணம்!"

"தப்புத்தானுங்கக்கா."

"ஒரு போனு போட்டுச் சொல்லியிருக்கலாமுல்லங்க?"

நாலு வருஷமாகத் தினமும் எட்டரைக்குப் போகிற வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லாதது தவறுதான் என்று பங்காரம்மாவுக்கே அந்த நேரத்தில் தோன்றிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டாள். திட்டித் தீர்த்த பாப்பாயி திடீரென்று நிறுத்தினாள். எதையோ யோசித்தாள். விரலை மடக்கி மடக்கி மனசுக்குள் ஏதோ சரிபார்த்தாள்.

"அப்ப இது நீங்களா அனுப்பின சேதி," என்றாள்.

"ஆமாங்க."

"உசுரோட இருக்கறப்பவே, தெரிஞ்சே, செத்துப்போயிட்டேன்னு சொல்லியுட்ட சேதி."

"ஆமாங்கக்கா."

"அட, இதை மொதல்லயே சொல்றதில்லீங்களா!" பாப்பாயி தொடையில் தட்டிக்கொண்டாள். "எங்கூட்டுக்காரரை ஒருக்கா காக்கா தலையில தட்டிப்போட்டுது. ஆகாதுன்னு அவரு செத்துட்டாருன்னு பல்லடத்துல இருந்த நங்கையாளுக்கு, அவரோட அக்காளுக்கு, நாங்களே பொய்ச் சேதி சொல்லியுட்டோம். அவிய பஸ்ஸு பூரா அழுதுட்டே வந்து எறங்குனா, இவரு வாசல்ல உக்காந்து வெத்தலை போட்டுட்டு இருக்காரு! ஒரு ஆளாச்சும் நெசமா அழுதாத்தான் அந்தத் தோசம் கழியும். அழுத வாயில அவரே இனிப்புக் குடுத்தாரு. அதுக்கப்பறம் இருவது வருசம் கல்லாட்டம் இருந்தாருங்க."

அவள் எழுந்தாள். மேசையில் தட்டு இருந்தது. மூன்று ஒப்புட்டில் இரண்டை எப்படியோ உள்ளே தள்ளிவிட்டு, மூன்றாவதைப் பங்காரம்மா கை வைக்காமல் விட்டிருந்தாள். பாப்பாயி அதைக் காட்டினாள்.

"நான் நெசமாத்தானுங்க அழுதேன். குடுங்க உங்க கையால."

பங்காரம்மா ஒப்புட்டைப் பிட்டு அவள் வாயில் வைத்தாள். பாப்பாயி கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். மூன்று நாள் பசி அந்த மெல்லலில் தெரிந்தது. பிறகு மீதியைத் தானே வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்து, கதவைத் திறந்து கத்தினாள்.

"டேய் திருமூர்த்தி! அந்த வாழைமரத்தை எடுத்துப் போடுடா! அம்மணி நூறு வருசம் இருப்பாங்க!"

எட்டு மணிக்குப் பங்காரம்மா மேடை ஏறினாள். 'கலர் சோடா கண்ணாளா' என்று முதல் வரியைப் போட்டதும் மண்டபமே எழுந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திருமூர்த்தி ஆடினார், பாலிடெக்னிக் கூட்டாளிகள் எட்டுப் பேர் ஆடினார்கள், மாப்பிள்ளை வீட்டுச் சம்பந்தியை இழுத்துவிட்டு அவரையும் ஆடவைத்தார்கள். ஒன்ஸ் மோர். மறுபடியும் ஒன்ஸ் மோர். மூன்றாவது தடவை திருமூர்த்தியின் பழைய சுளுக்கு மறுபடி பிடித்துக்கொண்டது. அவரை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு போனார்கள், அப்போதும் அவர் சிரித்துக்கொண்டுதான் போனார்.

"அடுத்து ஒரு புதுப் பாட்டு," என்றாள் பங்காரம்மா மைக்கில். 

அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து ஒருவர் எட்டிப்பார்த்து, கடைசிப் பந்தி, சாப்பிடாதவங்க வந்துடுங்க என்று சொல்லிவிட்டுப் போனார். கூட்டம் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு எழுந்தது. யாரிடமும் விரோதமில்லை, பசிதான். ஆடிய பசி. அவள் முதல் வரி பாடும்போது பாதி மண்டபம் இருந்தது.

*ஜன்னலோரம் எடம் புடிச்சேன்*
*சாயங்கால வெயிலு மேல*
*எறங்குற ஊரு வந்தா வரட்டும்*
*எனக்கு இப்ப அவசரம் இல்லெ*

இரண்டாவது சரணத்துக்கு வரும்போது எதிரே காலி நாற்காலிகள். லோகப்பிரியாவும் மாப்பிள்ளையும் போட்டோக்காரருக்காக ஒரு ரோஜாப்பூவை இருபதாவது தடவை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். சோபாவில் இரண்டு குழந்தைகள் தூங்கின. பங்காரம்மா நிறுத்தவில்லை. கடைசி வரியை இழுத்து, மூச்சுப் பிடித்து, நினைத்த இடத்தில் கொண்டுபோய் இறக்கினாள். முழுப் பாட்டு. ஒருவரும் சோடா என்று கத்தவில்லை. கத்துவதற்கு ஆள் இல்லை.

இதற்காகவா செத்தோம் என்று ஒரு கணம் தோன்றியது. கிருபாசங்கர் அவள் முகத்தைப் பார்க்காமல் கீபோர்டை உறைக்குள் தள்ள ஆரம்பித்தான்.

முதல் வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. பாப்பாயி. கடைசிப் பந்திக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தாள். கைதட்டவில்லை. எழுந்து மேடை விளிம்பு வரை வந்து, நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏனுங்கம்மணி, அந்தச் சோடாப் பாட்டு எனக்கு ஒண்ணும் வெளங்கலீங்க. ஒரே சத்தம்," என்றாள். "இதை மறுக்கா ஒருக்காப் பாடுங்க."

முப்பத்தொன்பது வருஷத்தில் ஆயிரம் ஒன்ஸ் மோர் கேட்ட காதுதான். எல்லாம் சோடாவுக்கு வந்தது. இந்த ஒன்றுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் பங்காரம்மா மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் வந்தது. மேக்கப்பைப் பற்றி இந்தத் தடவை அவள் கவலைப்படவில்லை.

"அக்கா?" என்றான் கிருபாசங்கர், பாதி உறைக்குள் கையை வைத்துக்கொண்டு.

"கேக்கறாங்கல்ல? எடுடா வெளிய."

பாப்பாயி திரும்பிப் போய், தன் நாற்காலியை இன்னும் இரண்டடி முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.